ஆம்புலன்சில் வருகிறவருக்கு ஆளை வெளியே எடுக்கவும் தெரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

108 ஆம்புலன்ஸ் வேலைக்கு ஆள் எடுக்கும் முகாம் பற்றி உங்கள் நாளிதழில் அவ்வப்போது செய்தி வருகிறது. மாவட்டப் பக்கத்தில் ஒரு ஓரமாக, நகராட்சி ஏல அறிவிப்புக்கும் மின்தடை அறிவிப்புக்கும் நடுவில் இருக்கும். நான் அதை விடாமல் படிப்பேன். மருத்துவ உதவியாளர் வேலைக்கு பி.எஸ்சி. நர்சிங், ஜி.என்.எம்., ஏ.என்.எம். மாதிரி நர்சிங் படிப்போ, டி.எம்.எல்.டி. என்ற லேப் படிப்போ, பார்மசியோ படித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் மாதிரி ஒரு பட்டம் இருக்க வேண்டும், வயது 19-லிருந்து 30, தேர்வானால் 50 நாள் பயிற்சி. ஓட்டுநருக்குப் பத்தாம் வகுப்பு, லைசென்ஸ் எடுத்து 3 ஆண்டு, பேட்ஜ் எடுத்து ஓராண்டு, வயது 24-லிருந்து 35, உயரம் 162.5 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, 10 நாள் பயிற்சி. சம்பளத் தொகை மட்டும் அவ்வப்போது கொஞ்சம் மாறும், மற்றதெல்லாம் ஏறக்குறைய அப்படியே வரும். உயரத்தில் அரை சென்டிமீட்டர் வரைக்கும் கணக்குப் பார்க்கிறார்கள். ஆனால் நீந்தத் தெரியுமா, கயிற்றில் ஒழுங்காக முடிச்சுப் போடத் தெரியுமா, நசுங்கிக் கிடக்கும் காருக்குள்ளிருந்து ஒரு ஆளை எப்படி எடுப்பது என்று தெரியுமா, இதைப் பற்றியெல்லாம் நான் படித்த அறிவிப்புகளில் ஒரு வரி கிடையாது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீளமாகப் போகும். இடம் போதாமல் வெட்டுவதாக இருந்தால் நடுவில் எங்கே வேண்டுமானாலும் வெட்டுங்கள், கடைசியில் கேட்டிருப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நான் தீயணைப்புத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தில் பெரும்பகுதி சென்னை - திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டிய ஸ்டேஷன்களில் போனது. அந்தப் பக்கம் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், கோடையில் வைக்கோல் போர் எரிவதை விட்டால், நெருப்பைவிட ரெஸ்கியூ அழைப்புதான் அதிகம். கிணற்றில் விழுந்த மாடு, வீட்டுக்குள் புகுந்த பாம்பு, அப்புறம் விடியற்காலை மூன்று மணிக்கு மேல் லாரி கேபினில் சிக்கிய டிரைவர். நின்றுகொண்டிருக்கும் லாரியின் பின்னால் கார் போய்ச் செருகிக்கொள்வது எங்கள் பக்கத்தில் அன்றாடம் மாதிரி ஆகிவிட்ட விஷயம்.

108-ஐக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் சேவை தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் ஆரம்பித்தது. அதற்கு முன்னால் அடிபட்டவரை எப்படிக் கொண்டுபோனோம் என்பதை இன்றைக்கு முப்பது வயதில் இருப்பவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். மினி லாரியில், போலீஸ் ஜீப்பின் பின்னால், தக்காளிக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அதே வண்டியில் என்று கொண்டுபோயிருக்கிறோம். கூப்பிட்டால் சைரனோடு ஒரு வண்டி வரும், அதில் ஆக்சிஜன் இருக்கும், காசு கேட்க மாட்டார்கள் என்பதே அப்போது பெரிய விஷயம். அதில் வேலை செய்கிற பிள்ளைகள் 12 மணி நேர ஷிப்டில், ராத்திரி பகல் பார்க்காமல் ஓடுகிறார்கள். ஓடுகிற வண்டியில் பிரசவம் பார்க்கிறார்கள், அதை நீங்களே படத்தோடு போடுகிறீர்கள். அவர்களிடம் குறை இல்லை. அவர்களுக்குக் கற்றுக்கொடுக்காமல் விட்டிருப்பதில்தான் குறை.

சரி, என்ன கற்றுக்கொடுக்கவில்லை என்கிறேன்? நடைமுறையில் இப்படி இருக்கிறது. 108-ல் வருபவருக்கு வைத்தியம் தெரியும், ஆளை வெளியே எடுக்கத் தெரியாது. தீயணைப்பு வண்டியில் வரும் எங்களுக்கு இரும்பை வெட்டத் தெரியும், உள்ளே இருப்பவருக்கு என்ன ஆகிக்கொண்டிருக்கிறது என்று தெரியாது. இந்த இரண்டு வண்டியும் ஒரே நேரத்தில் வந்து சேர்வதும் இல்லை. எது முதலில் வந்தாலும் அதற்கு முன்பே சுற்றி இருப்பவர்கள் ஆளைப் பிடித்து இழுத்து ரோட்டோரம் போட்டிருப்பார்கள். நல்ல மனசோடு செய்வதுதான், தப்பே சொல்ல முடியாது. ஆனால் கழுத்தெலும்பில் சின்ன விரிசலோடு உள்ளே உட்கார்ந்திருந்த ஆள், கையை ஒருவர் காலை ஒருவர் பிடித்து ஜன்னல் வழியாக உருவிய பிறகு, கழுத்துக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவராக ஆகிவிட முடியும். அது அந்த இடத்தில் யாருக்கும் தெரியாது, ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கும்போதுதான் தெரியும். அங்கே வந்து சேரும் ஆம்புலன்ஸ் ஊழியர் "நிறுத்துங்க, யாரும் தொடாதீங்க" என்று சொல்ல வேண்டும். சொன்னால் மட்டும் போதாது, அப்புறம் என்ன செய்வது என்றும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கூட்டம் அவரைத் தள்ளிவிட்டு இழுக்கும்.

ஒரு காரிலிருந்து ஆளை முறையாக எடுப்பது என்றால் என்ன என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் இதைக் கடப்பாரை வேலை என்று நினைக்கிறார்கள். முதலில் வண்டி அசையக் கூடாது. சக்கரத்துக்குக் கட்டை, ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் முட்டு. அப்புறம் இன்ஜினை அணைத்து பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும், நெகட்டிவ்தான் முதலில். வெடிக்காமல் இருக்கும் ஏர்பேக் முன்னால் தலையை நீட்டக் கூடாது, நாம் ஸ்டியரிங்கை அசைக்கும்போது அது வெடித்தால் காப்பாற்றப் போனவனுக்கே முகம் போய்விடும். பக்கவாட்டுக் கண்ணாடி ஒரு மூலையில் கூர்மையாகக் குத்தினால் மணி மணியாக உதிர்ந்துவிடும், முன் கண்ணாடி அப்படி உதிராது, அது இரண்டு அடுக்குக்கு நடுவில் பிளாஸ்டிக் வைத்தது, ரம்பத்தால்தான் அறுக்க வேண்டும். உடைப்பதற்கு முன் உள்ளே இருப்பவர் மேல் கம்பளி போர்த்த வேண்டும். இவ்வளவும் நடக்கும்போது ஒருவர் பின் சீட்டில் ஏறி, அடிபட்டவரின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கழுத்துக்குக் காலர் போடும் வரைக்கும், பலகையில் படுக்க வைக்கும் வரைக்கும் விடவே கூடாது. அந்த ஒருவர் மருத்துவம் தெரிந்தவராக இருக்க வேண்டும், உடைகிற காருக்குள் உட்கார்ந்திருக்கப் பழகியவராகவும் இருக்க வேண்டும். அப்படி ஒருவரை நம் ஊரில் எந்தத் துறையும் தயார் பண்ணி வைக்கவில்லை. இப்போது எலக்ட்ரிக் வண்டி வேறு வந்துவிட்டது. அதில் ஆரஞ்சு நிறத்தில் ஓடும் கேபிளை வெட்டினால் வெட்டியவன் கதை முடிந்தது. டிக்கியில் கேஸ் சிலிண்டர் வைத்த கார்களும் ஓடுகின்றன.

இன்னொரு விஷயம், இதுதான் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. கால் இரண்டும் டேஷ்போர்டுக்குக் கீழே நசுங்கி, ஆனால் தெளிவாகப் பேசிக்கொண்டு, தண்ணீர் கேட்டுக்கொண்டு இருப்பார் ஒரு டிரைவர். பாடுபட்டு வெட்டி, கம்பியை விலக்கி, வெளியே எடுத்து ஸ்ட்ரெச்சரில் வைப்போம். கொஞ்ச நேரத்தில் போய்விடுவார். "நல்லாப் பேசிக்கிட்டிருந்தாரே" என்று எல்லோரும் சொல்வார்கள், விதி என்பார்கள். விதி இல்லை. நசுங்கிய இடத்தில் ரத்த ஓட்டம் நின்று சதை சாக ஆரம்பித்துவிடும், அந்தச் செத்த சதையிலிருந்து பொட்டாசியமும் இன்னும் பல கழிவும் அங்கேயே தேங்கி நிற்கும், அழுத்தத்தை எடுத்ததும் எல்லாம் ஒரே பாய்ச்சலாக இதயத்துக்குப் போய்த் துடிப்பை நிறுத்திவிடும். அதில் தப்பினால் கிட்னி போகும். இரண்டாம் உலகப் போரில் லண்டனில் குண்டு விழுந்து இடிபாட்டில் சிக்கியவர்களைப் பார்த்து பைவாட்டர்ஸ் என்ற மருத்துவர் 1941-லேயே இதை எழுதி வைத்துவிட்டார். செய்ய வேண்டியது, அப்படி வெகு நேரம் சிக்கியவருக்கு அழுத்தத்தை எடுப்பதற்கு முன்பே சலைன் ஏற்ற ஆரம்பிப்பது. அதாவது மருத்துவ உதவியாளர் வெளியே ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது, கேபினுக்குள் ஏற வேண்டும்.

அப்படி ஏறிய ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். உளுந்தூர்பேட்டை பக்கம், இரவு நேரம், இரண்டு லாரி. நாங்கள் இரும்பு வெட்டும் கட்டரை வைத்துக்கொண்டு இரைகிறோம், ஹைட்ராலிக் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. ஒரு ஆம்புலன்ஸ் தம்பி, ஒல்லியான ஆள், மறுபக்கக் கதவு வழியாக உள்ளே போய் டிரைவர் பக்கத்தில் மண்டி போட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஊசி ஏற்றினார். சலைன் பாட்டிலை சாமி படத்துக்கு மேலே இருந்த கொக்கியில் மாட்டினார். டாக்டரிடம் போனில் பேசினார். நாங்கள் கடைசிக் கம்பியை விலக்கப் போகும்போது கையைக் காட்டி, "அண்ணே இப்ப எடுக்காதீங்க, நான் சொன்னப்புறம் எடுங்க" என்றார். எங்கள் ஆட்களுக்குக் கோபம்தான், பின்னே வராதா. ஆனாலும் நின்றோம். அவர் தலையாட்டினதும்தான் எடுத்தோம். அந்த டிரைவர் பிழைத்தார், ஒரு காலை எடுக்க வேண்டியதாயிற்று. அப்புறம் டீக்கடையில் விசாரித்தபோதுதான் தெரிந்தது, அந்தத் தம்பி அதற்கு முன்பு ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஐ.சி.யூ.வில் நர்சாக இருந்தவர், அங்கே கிட்னி டாக்டர் ஒருவர் சொல்லிக்கொடுத்தது. ஆம்புலன்ஸ் பயிற்சியில் கற்றது இல்லை. அந்த டிரைவருக்கு நேரம் நன்றாக இருந்தது, அவ்வளவுதான். வேறு வண்டி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இரு சக்கர வாகனத்துக்கு இதைவிடச் சின்ன விஷயம் போதும், ஹெல்மெட். முகம் முழுக்க மூடும் ஹெல்மெட்டை ஒருவர் தனியாகக் கழற்றக் கூடாது. ஒருவர் கழுத்தையும் தாடையையும் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் பக்கவாட்டில் விரித்துக் கொஞ்சம் கொஞ்சமாக உருவ வேண்டும். ஆம்புலன்சில் வருவதே இரண்டு பேர்தான், மருத்துவ உதவியாளரும் ஓட்டுநரும். அப்படியென்றால் அந்த இரண்டாவது ஆள் ஓட்டுநர். அவருக்குப் பயிற்சி 10 நாள், அதிலும் வண்டி சம்பந்தப்பட்டதே பாதி போய்விடும். நெஞ்சை அழுத்தும் சி.பி.ஆர். எடுத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 100-லிருந்து 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழம், 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்ற வேண்டும் என்று விதி. மாற்றுவதற்கு யார் இருக்கிறார்கள்? சம்பவ இடத்தில் ஓட்டுநர்தான். அவரை வெறும் டிரைவர் என்று நினைத்து ஆள் எடுத்தால் வண்டிக்கு ஒன்றரை ஆள்தான் கணக்கு.

இப்போது படிப்புக்கு வருகிறேன். 50 நாள் என்றதும் பலர் "தாவரவியல் படிச்சவனுக்கு 50 நாள்ல வைத்தியமா" என்று கேலி பேசுவார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. அமெரிக்காவில் ஆரம்ப நிலை இ.எம்.டி. என்ற ஆம்புலன்ஸ் மருத்துவ ஊழியருக்கு 150 மணி நேரத்தை ஒட்டித்தான் பயிற்சி, நம் 50 நாளை மணிக்கணக்காகப் போட்டால் அதைவிட அதிகமே வரும். வித்தியாசம் என்னவென்றால் அங்கே அது முதல் படி. அதற்கு மேல் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் படித்த பாராமெடிக் இருக்கிறார், தேசியப் பதிவு வைத்திருப்பவர்கள் 2 ஆண்டுக்கு ஒருமுறை சான்றிதழைப் புதுப்பித்தாக வேண்டும். இங்கே ஏறிய படியிலேயே நிற்க வேண்டியதுதான். பத்து வருஷம் வேலை பார்த்தவரும் நேற்றுச் சேர்ந்தவரும் ஒரே பெயரில் ஒரே வேலையைச் செய்கிறார்கள். நாலு வருஷத்தில் நல்ல கை பழகியதும் வளைகுடாவுக்கோ தனியார் ஆஸ்பத்திரிக்கோ போய்விடுகிறார்கள். ஒப்பந்த வேலை, இந்தச் சம்பளம், 12 மணி நேரம், அவர்களை எப்படிக் குறை சொல்வது?

இதில் வேடிக்கை என்னவென்றால், படிப்பு இல்லாமல் இல்லை. எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் பி.எஸ்சி. விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம் என்று ஒரு பட்டப்படிப்பே நடக்கிறது. 3 ஆண்டு படிப்பு, ஓராண்டு பயிற்சி. பெயரிலேயே விபத்து இருக்கிறது. ஆனால் படித்து முடிக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்கு உள்ளேயே நிற்கிறார்கள். ஆம்புலன்சில் அவர்களுக்கென்று ஒரு தனிப் பதவி, அதற்கேற்ற சம்பளம் என்று இருந்தால் வருவார்கள். 2021-ல் நாடாளுமன்றம் துணை மருத்துவத் தொழில்களுக்கு ஒரு ஆணையச் சட்டம் கொண்டு வந்தது, அதன் அட்டவணையில் அவசர மருத்துவத் தொழில்நுட்பர் என்ற பிரிவும் இருக்கிறது. பதிவு, தகுதி, பாடத்திட்டம் எல்லாவற்றுக்கும் அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. வண்டிக்கு ஏற்கெனவே விதி வந்துவிட்டது. ஏ.ஐ.எஸ். 125 என்று ஒரு தர விதி, ஆம்புலன்சை நாலு வகையாகப் பிரித்து, உள்கூட்டின் அளவு, விளக்கு, சைரன், ஸ்ட்ரெச்சர் பொருத்தும் விதம் வரைக்கும் சொல்கிறது. வண்டியை இவ்வளவு நுணுக்கமாக அளந்தவர்கள் அதில் ஏறும் ஆளை ஏன் அளக்கவில்லை?

தனியார் ஆம்புலன்ஸ் கதை இன்னும் மோசம், அதைத் தனியாகவே எழுத வேண்டும். பழைய ஆம்னி வேனில் சிவப்பு விளக்கு மாட்டி, சீட்டைக் கழற்றி ஒரு கட்டில் போட்டு, டிரைவர் மட்டும் வரும் வண்டிகளை எல்லா ஊரிலும் ஜி.ஹெச். வாசலில் பார்க்கலாம். அப்படி ஒரு வண்டியில் ஆக்சிஜன் சிலிண்டரின் முள் பூஜ்யத்தில் நின்றதை நானே காட்டியபோது, "அது எப்பவும் அப்படித்தாங்க காட்டும்" என்றார் டிரைவர். பேஷண்டுக்கு அன்றைக்கு ஆக்சிஜன் தேவைப்படவில்லை, தப்பித்தோம்.

சாலை விபத்தை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், காரணம் இருக்கிறது. மத்திய அரசின் கணக்குப்படி 2022-ல் தமிழ்நாட்டில் 64,105 விபத்து, இந்தியாவிலேயே அதிகம், செத்தவர்கள் 17,884 பேர். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் ஆரம்பித்த 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், நல்ல திட்டம், பலன் பெற்றவர்களை எனக்கே தெரியும். ஆனால் அந்த 48 மணி நேரம் ஆஸ்பத்திரிப் படுக்கையில் ஆரம்பிக்கிறது. அதற்கு முந்தைய அரை மணி நேரம் ரோட்டில் நடக்கிறது.

ஆனால் விபத்து மட்டுமில்லை. செப்டிக் டேங்கில் ஒருவர் மயங்கி விழுந்தால் காப்பாற்ற இறங்கும் இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் சாகிறார்கள். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் அந்த வாயு அளவு கூடிவிட்டால் மூக்கு மரத்துப் போய் நாற்றமே தெரியாது, "வாடை போயிடுச்சு, இறங்கலாம்" என்று நினைக்கும்போதுதான் ஆபத்து உச்சத்தில் இருக்கும். முதலில் வரும் ஆம்புலன்ஸ் ஊழியருக்கு இது தெரிந்திருந்தால் தானும் இறங்க மாட்டார், மற்றவர்களையும் இறங்க விட மாட்டார். அறுந்து கிடக்கும் மின்கம்பி பக்கத்தில் எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பதும் அதே மாதிரிதான். அப்புறம் வெள்ளம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது தூத்துக்குடி மாவட்டத்தில் ரோடே இல்லாத ஊர்களுக்கு எந்த ஆம்புலன்ஸ் போக முடியும்? படகில் ஏறி, நோயாளியைப் படகில் பத்திரமாகப் படுக்க வைத்துக் கொண்டுவரத் தெரிந்த ஒருவர் அங்கே தேவைப்பட்டார்.

வயநாட்டில் 2024 ஜூலையில் நிலச்சரிவு வந்தபோது நம் கூடலூர் செவிலியர் சபீனா என்ன செய்தார் என்று எல்லோரும் படித்திருப்பீர்கள். பாலம் போய்விட்ட ஆற்றைக் கயிற்றில் தொங்கிக்கொண்டு, மருந்துப் பெட்டியோடு கடந்து போய் வைத்தியம் பார்த்தார். ஆகஸ்ட் 15 அன்று முதலமைச்சர் கையால் கல்பனா சாவ்லா விருது வாங்கினார். பெருமைதான், கண் கலங்கியது எனக்கு. ஆனால் தீயணைப்புக்காரனாக எனக்கு உடனே தோன்றியது வேறு. கயிற்றில் போகும் பயிற்சி பெற்ற மருத்துவ ஊழியர்கள் நீலகிரியில், கொல்லிமலையில், வால்பாறையில் எத்தனை பேரை நாம் தயார் பண்ணி வைத்திருக்கிறோம்? விருது ஒருவருக்குக் கொடுக்கலாம், துணிச்சலை எல்லா ஷிப்டுக்கும் டியூட்டி போட முடியாது.

வெளிநாட்டில் இதை இரண்டு விதமாகச் செய்கிறார்கள். சிங்கப்பூரில் தீயணைப்பும் ஆம்புலன்சும் ஒரே படை, கூப்பிடும் எண்ணும் ஒன்றுதான், 995. அங்கே தீயணைப்பு வீரர்களுக்கே அவசர மருத்துவப் பயிற்சியும் கொடுத்து இரண்டு வேலைக்கும் தயாராக வைக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்சில் வேறு மாதிரி, அங்கே ஆம்புலன்ஸ் ஊழியர்களிலேயே ஒரு பகுதியினர் மீட்புப் பயிற்சி முடித்து, கட்டர், கயிறு எல்லாவற்றோடும் தனி வண்டியில் வருகிறார்கள். அந்த நாட்டில் 2018 டிசம்பரிலிருந்து டாக்டர், நர்சு மாதிரி பாராமெடிக்கும் பதிவு செய்துகொண்டால்தான் அந்தப் பெயரையே பயன்படுத்த முடியும். நமக்கு இரண்டில் எது சரிவரும்? சிங்கப்பூர் ஒரு ஊர், அதைப் பார்த்து இரண்டு துறையை ஒன்றாக்க நினைத்தால் ஃபைல் நகர்வதற்குள் என் பேரன் ஓய்வு பெற்றுவிடுவான். நியூ சவுத் வேல்ஸ் முறைதான் நமக்குப் பக்கம். எல்லோருக்கும் எல்லாம் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. எல்லா ஆம்புலன்ஸ் ஊழியருக்கும், ஓட்டுநர் உட்பட, அடிப்படை மீட்பு தெரிய வேண்டும்: இடத்தைப் பத்திரப்படுத்துவது, தலையைப் பிடிப்பது, ஹெல்மெட், பேட்டரி, கண்ணாடி, எதைத் தொடக் கூடாது என்பது. மாவட்டத்துக்கு நாலைந்து வண்டி, நெடுஞ்சாலை ஓரத்திலும் மலையிலும் கடற்கரையிலும் நிற்கிறவை, அவற்றுக்கு மட்டும் கூடுதல் பயிற்சியும் கூடுதல் கருவியும் கூடுதல் சம்பளமும். டோல்கேட்டில் 1033-க்குக் கூப்பிட்டால் வரும் நெடுஞ்சாலை ஆம்புலன்சையும் இதில் சேர்க்க வேண்டும், ஸ்பாட்டுக்கு முதலில் போவது பல நேரம் அவர்கள்தான். அதேபோல எங்கள் துறையில் கட்டர் பிடிப்பவர்களுக்கும் ரத்தத்தை நிறுத்துவது, கழுத்தைப் பாதுகாப்பது, நசுங்கிய காலை அவசரப்பட்டு விடுவிக்காமல் இருப்பது, இவ்வளவாவது சொல்லிக்கொடுக்க வேண்டும்.

"மீட்புக்குத்தான் தீயணைப்புத் துறை இருக்கிறதே, ஆம்புலன்ஸ்காரர் எதற்கு இதில் தலையிட வேண்டும்" என்று என் பழைய சகாக்களே கேட்பார்கள். கேட்கட்டும். எங்கள் ஸ்டேஷன் தாலுகாவுக்கு ஒன்று இரண்டு, ஹைட்ராலிக் கட்டர் எல்லா ஸ்டேஷனிலும் கிடையாது, ஒரு அழைப்புக்குப் போயிருக்கும்போது இன்னொன்று வந்தால் பக்கத்து ஊரிலிருந்துதான் வண்டி வர வேண்டும். அந்த இருபது முப்பது நிமிடம் ஆம்புலன்ஸ் ஊழியர் அங்கே கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது, நிற்கவும் கூட்டம் விடாது. ஏதோ ஒன்று செய்தே தீருவார். அதைத் தெரிந்து செய்யட்டும்.

கடைசியாக நான் கேட்பது பெரிய பட்ஜெட் வேண்டிய காரியம் இல்லை. எந்த நெடுஞ்சாலைக் காவல் நிலையத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், பின்பக்கம் விபத்து வண்டிகள் துருப்பிடித்துக் கிடக்கும். உள்ளே வேப்பங்கன்று முளைத்து, சீட்டில் நாய் குட்டி போட்டிருக்கும். வழக்கு முடிந்ததும் எடைக்கு ஏலம் போகும். அந்த வண்டிகளில் மாதத்துக்கு இரண்டை மாவட்ட ஆட்சியர் பயிற்சிக்கு ஒதுக்கிக் கொடுக்கலாம். வெட்டிய பிறகும் அதே எடைதான், அரசுக்கு நஷ்டம் இல்லை. ஒரு மைதானத்தில் அதைக் கவிழ்த்துப் போட்டு, உள்ளே ஒரு ஆளையோ பொம்மையையோ உட்கார வைத்து, 108 ஊழியர், ஓட்டுநர், தீயணைப்பு வீரர், டோல்கேட் ஆம்புலன்ஸ்காரர், ஜி.ஹெச். அவசரப் பிரிவு டாக்டர் ஒருவர், எல்லோரையும் சேர்த்து வெட்டிப் பழகச் சொல்ல வேண்டும். பேரிடர் ஒத்திகை என்று அதிகாரிகள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போவதை நான் சொல்லவில்லை. ராத்திரியில், டார்ச் வெளிச்சத்தில், மழை பெய்தாலும், தப்புச் செய்து திரும்பச் செய்யும் பயிற்சியைச் சொல்கிறேன். முடித்தவருக்கு ஒரு சான்றிதழ், 2 ஆண்டுக்கு ஒருமுறை மறுபடியும் சோதனை, சான்றிதழ் இருப்பவருக்குச் சம்பளத்தில் ஒரு தொகை சேர்த்துக் கொடுப்பது.

கற்றுக்கொடுக்க ஆள் இல்லை என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறார்கள், காலையில் நடைப்பயிற்சியும் மாலையில் டி.வி.யுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். கூப்பிட்டால் சொந்தப் பஸ் காசில் வருவார்கள். மதியம் சாப்பாடு போட்டால் போதும், அசைவமாக இருந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தீயணைப்பு ஊழியர்,
விழுப்புரம் மாவட்டம்